கருமாதிக் கடை கேக்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் லோஜினி திறந்த சாப்பாட்டுக் கடையில் மீன், முட்டை மட்டுமல்ல, பாலும் நெய்யும்கூடக் கிடையாது. துக்கம் முடியும்வரை கவிச்சி ஆகாது என்பதால், முதல் பெரிய ஓடர் பூண்டுலோயாவில் ஒரு கருமாதி வீட்டிலிருந்து வந்தது. அதன் பிறகு சாவு வீட்டுக்காரர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாடகைக்கே இழுபறியாக இருந்தது.

அதனால்தான் பக்கத்துத் தெரு நாகலெட்சுமி தன் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் சொன்னதும் லோஜினிக்கு உயிர் வந்தது. ஒரு நல்ல காரியத்துக்குப் போய்விட்டால் கடையின் பெயர் மாறிவிடும். தேங்காய்ப்பாலில் செய்து, பூப்போட்டு வைத்திருந்தாள்.

மாலையில் வந்த நாகலெட்சுமி வாசற்படி ஏறவில்லை.

"கோவிச்சுக்காத புள்ள. பொறந்தநாளுக்குக் கருமாதிக் கடை கேக்கான்னு மாமியா சாமியாடுறாங்க."

"தேங்காப்பால்ல செஞ்ச கேக்குதாங்கக்கா. நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். பாலே சேக்காத கேக்கு எந்த நல்ல வீட்டுல வெட்டுறாங்கன்னு கேக்குறாங்க."

அவள் போன கையோடு வட்டவளையிலிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, எங்க பெரியப்பா தவறிட்டாருங்க. சித்தப்பா கருமாதிக்கும் ஒங்க சாப்பாடுதான், ஊரே மெச்சுச்சு. வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல."

லோஜினி கேக்கைப் பார்த்தாள்.

"எத்தன பேருக்குங்க?" என்றாள்.