ஐம்பத்தெட்டாம் நம்பர் மஞ்சள் கார்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என் வீட்டுக்காரர் தருமன் வாயால் நீங்கள் அதைத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல். அதிலும் ஒரு பொருளை அளவு பிசகாமல் சின்னதாகச் செய்து வைத்திருக்கும்போது யாராவது வந்து "பொம்மையா?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் குழம்புக்கு உப்பு இருக்காது.

பொதுப்பணித் துறை அலுவலகத்தில் எனக்கு டிரேசர் வேலை. பொறியாளர்கள் பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, மையால் பிரதி எடுக்க வேண்டும். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை கோடு, கோடு, கோடுதான். ஒரு சமயம் கண்காட்சிக்காக அட்டையில் ஓர் அணை செய்து தரச் சொன்னார்கள். செய்தேன். அன்று பிடித்த பைத்தியம் பிறகு விடவே இல்லை. தருமன் ஓட்டும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை அட்டையிலும் தீக்குச்சியிலும் செய்தேன், உடைந்த பின்விளக்கு உட்பட. "ஒடஞ்ச லைட்ட ஏன் வெச்ச? மானம் போவுது," என்று அவருக்கு வருத்தம். உள்ளது உள்ளபடிதானே செய்ய முடியும்?

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மார்த்தா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். எதிர் வீட்டு மாடியில் எட்டு மாதமாகக் குடியிருந்த அமெரிக்க அம்மாள்; அறுபது வயது இருக்கும். புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் படித்தவர் என்பதால் பேச்சு முழுக்கப் பாடப்புத்தகமாகவே இருக்கும். கீரைக்கார ஜோதியம்மாளிடமே "நாளை தாங்கள் எப்பொழுது வருவீர்கள்?" என்று கேட்பார். அந்த மரியாதைக்காகவே ஜோதியம்மாள் அவருக்கு ஒரு கட்டு சேர்த்துப் போடுவாள்.

பெட்டியைத் திறந்தால் நூற்றுக்கு மேல் பிளாஸ்டிக் பாகங்கள். என்ஜின் தனி, சக்கரம் தனி, பல்குத்தும் குச்சியைவிட மெல்லிய ஸ்டியரிங் தண்டு தனி. எல்லாவற்றையும் ஒட்டினால் ஒரு ஸ்டாக் கார், நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் கை என்னைக் கேட்காமலே பெட்டிக்குள் போய்விட்டது.

ஸ்டாக் கார் என்றால், கடையில் விற்கிற சாதாரணக் காரையே வாங்கி, உள்ளே இருக்கும் சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, இரும்புக் குழாயால் கூண்டு கட்டிப் பந்தயத்தில் ஓட்டுவதாம். முட்டை வடிவத்தில் ஒரு பாதை. அதையே இருநூறு தடவை சுற்றுவார்களாம். மார்த்தாவின் கணவர் வால்ட்டர் அப்படி ஓட்டியவர்.

"எங்கயும் போவாம சுத்திக்கினே இருக்கறதா? அதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ வேகம்?" என்று தருமன் கேட்டார். பஸ் டிரைவருக்கு அது ஏற இறங்க ஆள் இல்லாத வெட்டி டிரிப்பாகத்தான் தோன்றும்.

"வால்ட்டர் தம்முடைய காரைப் போலவே செய்வதற்காக இதை வாங்கினார்," என்றார் மார்த்தா. "செய்வதற்கு முன் ஓர் இரவு தூக்கத்தில் இறந்துவிட்டார். இந்தப் பெட்டி இப்பொழுது கடைகளில் இல்லை. கார்த்திகை தீபத்திற்கு மறுநாள் நான் ஊருக்குப் போகிறேன். தாங்கள் செய்து தருவீர்களா?"

கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படமும் கொடுத்தார். புல்வெளியில் ஒரு கார், கதவில் 58 என்று எழுதியிருந்தது, அதன்மேல் சாய்ந்து நின்று சிரிக்கும் ஒரு மனிதர். நிறம் மஞ்சள், கூரை மட்டும் பச்சை என்றார். செய்கிறேன் என்றேன். மார்த்தா அதைப் பார்த்த மாத்திரத்தில் "இது வால்ட்டரின் கார்" என்று சொல்ல வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. பிரஷ் கோடு ஒன்றுகூடத் தெரியாது என்று வாயை வேறு விட்டுவிட்டேன்.

ஒட்டும் வேலை பத்து நாளில் முடிந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதைப் பார்த்து, "தப்பா ஒட்டிட்ட, பிரிச்சு வலப்பக்கம் வையி," என்று தருமன் மூன்று நாள் என் உயிரை எடுத்தார். அந்த நாட்டில் அப்படித்தான் என்று பெட்டியோடு வந்த செய்முறைக் காகிதத்தைக் காட்டியபிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

பெயின்ட்தான் என்னை அழவைத்தது. அங்கெல்லாம் இந்த மாதிரிக் கார்களுக்கு ஸ்பிரே அடிப்பார்களாம். எனக்கு ஸ்பிரேவுக்கு எங்கே போவது? தேரடித் தெருக் கடையில் சின்ன டப்பா எனாமல், ஒரு பாட்டில் டர்பன்டைன், அலுவலகத்தில் பழகிய மெல்லிய பிரஷ்கள். மஞ்சளைப் போல மோசக்கார நிறம் வேறு கிடையாது. டப்பாவில் பளபளவென்று இருக்கும்; பூசினால் அடியில் இருப்பதெல்லாம் தெரியும். கெட்டியாகப் பூசினால் மூடும், ஆனால் மாட்டுப் பொங்கலுக்குப் பூசிய கொம்பு மாதிரி வழியும். அதனால் முதலில் வெள்ளை. அது காய்ந்ததும் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மஞ்சளைப் பாலாக நீர்க்கவைத்து நான்கு பூச்சு. பிரஷ்ஷை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். இழுத்த இடத்தை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், மறுபடி தொடக் கூடாது. எனக்குக் கோபம் வரும், ஆனால் பிரஷ்ஷைப் பிடித்துவிட்டால் வராது. ஏன் என்று தெரியவில்லை.

முதல் மஞ்சள் பூச்சைப் போட்டு முடித்த சாயங்காலம், மழை விட்டதும், ஈசல் கிளம்பியது. பக்கத்தில் எரிந்த பல்புக்கு வந்த கூட்டத்தில் பதினொன்று என் காரில் இறங்கின. வால்ட்டரின் பானட்மேல் நாற்பத்து நான்கு இறக்கை! நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது.

"பொரி போட்டு வறுத்துத் துன்னலாமா?" என்றார் தருமன். அவர் அன்று எப்படி உயிரோடு படுத்தார் என்பது எனக்கே ஆச்சரியம். டர்பன்டைனால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, மறுபடி வெள்ளையிலிருந்து ஆரம்பித்தேன்.

ஐப்பசி மழையில் எனாமல் காயவும் இல்லை. நான்கு நாள் ஆகியும் விரல் வைத்தால் பிசுபிசுப்பு. தீபத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மார்த்தா ஜன்னலில் தெரிந்தாலே நான் திரும்பிக்கொள்வேன். கடைசியில் வழி சொன்னது தருமன்தான்.

"என் சீட்டு பக்கத்துல என்ஜின் மூடி இருக்குதே, அது மேல வெச்சி எடுத்துக்கினு போறேன். மழையோ வெயிலோ, அங்க சூடு கம்மியே ஆவாது."

"உருகிச்சுன்னா?"

"அடியில கோணி மடிச்சிப் போட்டுக்கறேன்."

"உருகிச்சுன்னா உங்கள உருக்கிடுவேன், சொல்லிட்டேன்."

ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பாவுக்குள் காரின் மேல்கூட்டை மட்டும் வைத்துக் கொடுத்தேன். இப்படியாக, அமெரிக்காவில் வட்டம் சுற்றியவருடைய கார் ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு நாள் கீழ்பென்னாத்தூர் போய்ப் போய் வந்தது. டப்பாவில் லட்டு என்று நினைத்து ஒரு வேர்க்கடலை வியாபாரி திறந்து பார்த்து, "இன்னா டிரைவரே, இத்தத் துன்ன முடியாதே," என்றாராம். குலுக்காமல் ஓட்ட வேண்டும் என்பதற்காகத் தருமன் பள்ளத்தில் எல்லாம் மெதுவாக இறக்கினார். அந்த இரண்டு வாரம் போல சுகமான பஸ் பயணம் அந்த ரூட்டில் யாருக்கும் கிடைத்திருக்காது. அவர்மேல் எனக்கு அன்பு பொங்கியது. சொல்லவில்லை, மீன் குழம்பு வைத்தேன்.

நான்காவது பூச்சு காய்ந்ததும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. கூரைக்குப் பச்சை பூசி, கதவில் 58 என்று பிரஷ்ஷாலேயே எழுதினேன், புகைப்படத்தில் இருந்தபடி எட்டின் வயிறு கொஞ்சம் பெருத்து.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா இருக்க முடியாமல், காருக்கு ஒரு பாதையும் செய்தேன். கீழே ரோடு இல்லாவிட்டால் அது வெறும் பொம்மை ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். வளைவில் பாதை வெளிப்பக்கம் உயர்ந்து சரிவாக இருக்கும், ஓரத்தில் சுவர் இருக்கும், உள்பக்கம் புல் என்று மார்த்தா எப்போதோ சொல்லியிருந்தார். பலகையில் அந்த வளைவின் ஒரு துண்டைச் செய்து, முன்சக்கரங்களை வளைவுக்கு ஏற்றாற்போல் திருப்பி ஒட்டி, காரையும் பலகையோடு சேர்த்து ஒட்டிவிட்டேன்.

தீபத்தன்று ஊரே கூட்டம், தருமனுக்கு இரவு பகலாகச் சிறப்புப் பேருந்து. மறுநாள் காலை பத்து மணிக்கு, மார்த்தாவின் மெட்ராஸ் டாக்சி தெருமுனையில் நிற்கும்போதுதான், துணியை மூடி எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு மாடி ஏறினோம். தருமன் கண் சிவந்து, தூங்காமல் கூடவே வந்தார்.

துணியை எடுத்தேன்.

மார்த்தா குனிந்து கிட்டே பார்த்தார். பிறகு ஒரு விரலால் அந்த எட்டின் வயிற்றைத் தொட்டார். "இது வால்ட்டரின் கார்," என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. தருமனைப் பார்த்தேன், நான்தான் ஓட்டிக் காயவைத்தேன் என்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

அப்புறம் மார்த்தாவின் பார்வை சுவருக்குப் போனது. அங்கிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து சக்கரத்துக்கு. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியவில்லை.

"இன்னாம்மா? தப்பா இருக்குதா?" என்றேன்.

"சிறிய விஷயம். அங்கே எல்லோரும் இடப்பக்கமாகவே சுற்றுவார்கள்."

"இடப்பக்கமா? அத்தனை பேருமா?"

"அத்தனை பேரும். எப்பொழுதும்."

எனக்குத் தலை சுற்றியது. மலையைச் சுற்றினாலும், பிராகாரத்தைச் சுற்றினாலும், கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றினாலும் எங்களுக்கு வலம்தான். இடமாகச் சுற்றுவது என்றால் சாவுக் காரியம். நான் செய்த வளைவும் வலமாகத்தான் திரும்பியது; எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று மூன்று நாள் சண்டை போட்ட மனுஷனுக்கும் தோன்றவில்லை.

"கார மட்டும் பேத்துத் திருப்பி வெச்சுடு," என்றார் தருமன்.

"முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்குது, பாருங்க. திருப்பி வெச்சா நேரா சுவத்துலதான் போய் மோதுவாரு."

"அதையும் வால்ட்டர் பல முறை செய்திருக்கிறார்," என்றார் மார்த்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்மேலேயே ஆத்திரம். ஒரே பெட்டி, ஒரே தடவை, அதில் அந்த மனிதரைத் தலைகீழாக ஓடவிட்டுவிட்டேன். "ஒரு மணி நேரம் குடுங்க, சக்கரத்த அறுத்து ஒட்டித் தரேன்," என்று பலகையைத் தூக்கப் போனேன். தெருவில் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

மார்த்தா பலகையை விடவில்லை. நான் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருக்கும் நடுவில் கார்.

"சந்திரகலா, வால்ட்டர் இருபத்திரண்டு ஆண்டுகள் இடப்பக்கமாகச் சுற்றினார். ஒரு பந்தயத்தில்கூட வெற்றி பெறவில்லை," என்றார். "ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, 'அடுத்த தடவை பார், மார்த்தா' என்பார்."

நான் பிடியைத் தளர்த்தினேன். அவர் பலகையைத் தன் பக்கம் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர்.

"இந்தப் பக்கமாக ஓடுவதற்கு வேறு யாருமே இல்லை. ஆகவே, இப்பொழுது வால்ட்டர்தான் முதலாவதாக வருவார்."