அண்ணன் விளை வழியாக ஒரு கேபிள்

புது வீட்டில் என் போனுக்குத் தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. சமையலறையில் நின்றால் கேரளம். படுக்கையறைக்கு வந்தால் தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று செய்தி வரும். பாறசாலை எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் என் வேலை நல்வரவில் ஓடாது. சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறேன். வீடு மாறினால் புது வீட்டில் பிராட்பேண்ட் போட்டுக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை காலை பரிசோதனை. வேகம் இல்லையென்றால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். பாலராமபுரத்தில் என் கணவர் ஈஸ்வரின் கடையை மூடிய பிறகு எங்கள் சாப்பாடு இந்த வேலையில்தான்.

பெரிய கம்பெனிகள் இரண்டுக்குப் பேசினேன். ஒருவர் பின்கோடு கேட்டதோடு சரி, பிறகு ஆளே இல்லை. இன்னொருவர் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார். அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரமெல்லாம் கழுவி முடித்தேன். கடைசியில், உங்கள் பகுதிக்கு அடுத்த வருடம் வருவோம் என்றார். மிஞ்சியது உள்ளூர் கேபிள்காரன் லிபின்.

அவன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான். ரோட்டில் அவனுடைய போஸ்ட் இருக்கிறது. அதற்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர்த் தோட்டம்; இங்கே விளை என்பார்கள்.

“லைன் இழுக்க அரை மணிக்கூர் போதும் சேச்சி. ஆனா இது ஜெயசிங் சாருக்க விளையாக்கும்.”

“அதுக்கென்ன?”

“உங்க ஓனருக்க அண்ணன். ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.”

எங்கள் வீட்டு உரிமையாளர் விஜயதாஸ் சார் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார். பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நயமாகப் பேசுவார். அப்பாவின் நிலத்தைப் பங்கு வைத்தபோது வந்த பிணக்கு என்பதுவரை சொன்னார்.

“அவனுக்க விளை வழியா ஒண்ணும் எனக்க வீட்டுக்கு வரண்டாம், மக்கா. வேற வழி பாரு.”

“வேற வழி இல்ல சார்.”

“அப்பிடீண்ணா வரண்டாம்.”

அண்ணனிடம் போனேன். ஜெயசிங் சார் காப்பி எல்லாம் தந்து உபசரித்தார். “தாராளமா போடட்டும் பிள்ளே. ஆனா அவன் வந்து கேக்கணும். வீடு அவனுக்கதல்லியா?”

சத்தம் காட்டாமல் இழுத்துவிடேன் என்று லிபினைக் கெஞ்சினேன். “பின்ன ரெண்டு பேருமா சேந்து எனக்க போஸ்ட பிடுங்கிப் போடுவாங்க சேச்சி” என்றான். அப்படியாவது சேரட்டுமே என்று வாய்வரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஈஸ்வர், “விடு சுனிதா, வேற வேல தேடிக்கலாம்” என்றார். “யாரு தேடுவா?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணனும் தம்பியும் வருகிற சர்ச்சுக்குப் போனேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நின்றிருந்தார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறு பக்கம். நெற்றியில் குங்குமத்தோடு நான் நடுவில் போய் நின்றதும் சுற்றிலும் பேச்சு அடங்கியது.

“நீங்க ரெண்டு பேரும் பேசாததுக்கு எனக்க வேல போவுது சார். நாளைக்குக் காலத்த போயிரும். எனக்கு உங்க பங்கு ஒண்ணும் வேண்டாம். ஒரு கேபிள் வந்தா போதும்.”

அழக்கூடாது என்றுதான் போனேன். குரல் உடைந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது. ஜெயசிங் சார் தரையைப் பார்த்தபடி, “போடச் சொல்லு” என்றார். அத்தனை பேர் பார்க்கும்போது வேண்டாம் என்று விஜயதாஸ் சாரால் சொல்ல முடியவில்லை.

மத்தியானமே லிபின் கேபிள் இழுத்தான். மறுநாள் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. வேலை தப்பியது.

அன்று சாயங்காலம் விஜயதாஸ் சார் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீ செய்தது தப்புண்ணு சொல்லல்ல, மக்கா. உனக்க நெலமைக்கு நீ செய்துட்ட. ஆனா காலத்த கதவு தொறந்தா அவனுக்க விளையில இருந்து வாற கேபிள நான் பாக்கணும். எனக்கு அது ஒக்காது, சகிக்க முடியாது. அடுத்த மாசம் வேற வீடு பாத்துக்கோ.”

சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டுமே. சரி சார் என்றேன்.

பெருங்கடவிளை என்ற ஊரில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று ஈஸ்வர் விசாரித்து வந்தார். நல்ல கிணறு, காற்றோட்டம் என்றெல்லாம் சொன்னார். நான் லிபினைக் கூப்பிட்டு, இந்த லைனை அங்கே மாற்றித் தருவாயா என்று கேட்டேன்.

“அங்க வேற ஆளுக்க ஏரியாவாக்கும் சேச்சி. நம்பர் தாறேன்.”

அந்த ஆள் பேர் ஷாஜி. போனை எடுத்ததும் உற்சாகமாக எத்தனை எம்.பி. வேண்டும், டிவியும் சேர்த்து வேண்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனார்.

“அதெல்லாம் பெறகு சொல்லுங்க. அந்த வீட்டுக்குப் பக்கத்து விளை யாருக்கது? ஓனருக்கும் அவருக்கும் பேச்சு உண்டா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் பதிலுக்காகக் காத்திருந்தேன்.