வெளுத்துப்போன வாசல்

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அவன் கூடத்து நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு, கைபேசியில் வீட்டுக் கேமராவின் எக்ஸ்போஷரை, அது உள்வாங்கும் வெளிச்சத்தை, கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தான்.

“எங்கண்ணன் போய்ச் சேர்ந்துட்டாரு. நீ போனை நோண்டிக்கிட்டிருக்கியா?” என்றாள் அத்தை. அவளுக்கு நாக்குதான் நீளம்; அழுதழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

ஊரில் முக்கால்வாசிக் கடைகளுக்குக் கேமரா மாட்டியவன் அவன். சொந்த வீட்டில் மட்டும், கூடம் தெரிந்தால் வாசல் வெள்ளையாக வெளுத்துப்போகும். “வர்றது மனுஷனா பேயான்னே தெரியலடா, சரி பண்ணேன்” என்று அப்பா நாலைந்து தரம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று இவனும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிவிட்டான்.

இன்று காலை அவன் வேலைக்குப் போனபின், செருப்பு மாட்ட வாசற்படியில் உட்கார்ந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வந்து பார்க்க இருபது நிமிடமாகிவிட்டது. அப்போதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான்.

“என்னைக் கூப்பிட்டாராடா? அதுல பாத்துச் சொல்லு.”

பத்து முறை பார்த்துவிட்டான். அப்பா வெள்ளைக்குள் நடந்து போகிறார், அப்புறம் வெள்ளைதான். அந்தக் கேமராவுக்குக் காதும் கிடையாது. ‘பதிவானது பதிவானதுதான் சார், இனிமே வர்றதைத்தான் சரி பண்ண முடியும்’ என்று தினம் நாலு பேரிடம் சொல்கிறவன், காலையில் பதிவானது மாறாது என்று தெரிந்தே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான். கூடம் இருண்டு வாசல் தெளிந்தது. அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

“ஒண்ணும் தெரியலம்மா. நான்தான் சரி பண்ணாம விட்டுட்டேன்.”

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, குழாயைத் திறந்துவிடு. நான் படியில உக்காந்து அவரு மாதிரி கூப்பிடறேன். உனக்குக் கேட்டா எனக்கும் கேட்டிருக்கும்.”

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“போடா.”

வாளியில் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. கைபேசித் திரையில் அம்மா படியில் உட்கார்ந்தாள். கலைந்த தலைமுடிகூடத் துல்லியமாகத் தெரிந்தது. உள்பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். தண்ணீர்தான் கேட்டது. மறுபடியும் வாய் அசைந்தது. மூன்றாம் தரம் கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள். தண்ணீர்தான்.

குழாயை ஓடவிட்டபடியே வெளியே வந்தான்.

“நல்லா கேட்டுச்சும்மா.”

“பொய் சொல்லாத. எத்தனை தரம் கூப்பிட்டேன்?”

“மூணு. கடைசியில சத்தமா.”

அம்மா அவன் முகத்தை ஆராய்ந்தாள். அவள் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

“அப்ப அவரு கூப்பிடல” என்றாள். கொஞ்சம் கழித்து, “குழாயை மூடிட்டு வா, தண்ணி வீணாப் போகுது.”

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குழாயை மூட வெகுநேரம் ஆயிற்று.