குடையோடு நின்ற மேஸ்திரி

திருப்பாலைக்குடிக்கு மேற்கே கண்மாய்க் கரை உடைந்து கிடந்தது. ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் அந்த வருஷம் ஊருக்கு நெல் இல்லை. ஆட்கள் வேலையில் நிற்பதில்லை என்று பழைய மேஸ்திரி ஓடிப்போயிருந்தார். புதிதாக வந்த குருநாதன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன், ஓடவில்லை. மதுரைக்குப் போய், ஆட்களை நடத்துவது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்கி வந்தான்.

முதல் அத்தியாயம் ஒரே பக்கம். இவ்வளவு சின்னதில் என்ன இருந்துவிடும் என்று தள்ளிவிட்டான். அடுத்தது, ‘தலைவனின் தோற்றம்’. அதன்படி கரைமேட்டில் செருப்பும் குடையுமாக நின்றான். மண் சுமக்க வந்த ஒருத்தி தன் கைப்பிள்ளையை அந்தக் குடைநிழலில் கிடத்திவிட்டுப் போனாள். தலைவன் மத்தியானம் வரை நகரவில்லை.

பிறகு ‘பாராட்டு’. பேர் சொல்லி, பலர் அறியப் பாராட்ட வேண்டுமாம்.

“இருளம்மா! நீ கூடை தூக்கி நடக்கிற அழகே தனி!”

அவள் புருஷன் மலையாண்டி மண்வெட்டியோடு நிமிர்ந்தான். “ஏலே, யாரு பொண்டாட்டி நடையப் பாக்குற?”

“இல்லண்ணே, பொஸ்தகத்துல போட்டிருக்கு...”

“எம் பொண்டாட்டியவா போட்டிருக்கு?”

மலையாண்டியோடு அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

புத்தகத்தில் மன்னிப்பு என்று ஓர் அத்தியாயம் தேடினான், இல்லை. தள்ளிவிட்ட அந்த ஒரு பக்கம்தான் மிச்சம். ஆட்களின் குறையை ஆட்களிடமே கேள் என்றது அது.

பொழுது சாயுமுன் மலையாண்டி வீட்டு வாசலில் நின்றான். “தப்பாப் பேசிட்டேன்ணே. ஆளுக ஏன் வேலையில நிக்க மாட்டேங்குறாக?”

மலையாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருளம்மாள்தான் சொன்னாள்.

“கரையில குடிக்கத் தண்ணி எங்கன இருக்கு மேஸ்திரி? தவிச்சா ஊருணிக்கு ஓடணும். ஓடினா வேலையில நிக்கலைங்கிறீக. முந்தாநாள் பஞ்சம்மா தண்ணியில்லாமத்தான் மயங்கி விழுந்தா. அங்கனதான இருந்தீக, பாக்கலயா?”

அவன் பார்க்கவில்லை. அந்நேரம் ‘தலைவனின் கூரிய பார்வை’ படித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியலில் ஊருணியிலிருந்து தோளில் குடத்தோடு வந்தான். வழியெல்லாம் சிரித்தார்கள். மலையாண்டி சிரிக்கவில்லை, ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள், பஞ்சம்மாளைத் தவிர. அவள் இன்னும் பாயைவிட்டு எழவில்லை. அவள் கூடையை யாரும் தொடவில்லை.

கடைசி மண்ணை மழையில் நனைந்தபடி மிதித்தார்கள். கரை நின்றது.

கண்மாய் பார்க்க வந்த அதிகாரி மேட்டில் ஏறி, தலைமைப் பண்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குருநாதனை அருகில் அழைத்தார்.

இருளம்மாள் வெறுங்குடத்தைத் தட்டினாள். “மேஸ்திரி, பேச்சு நீளும்போல. பஞ்சம்மா வீட்டுலயும் தண்ணியில்ல. ஒரு நட போயிட்டு வந்துருங்க.”

குருநாதன் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிப் பக்கம் நடந்தான்.