இறக்கி எடுத்த சுருதி

மாதா கோவிலின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த ரேமோனின் கையை மகள் ஏலிஸ் பிடித்தாள்.

"பப்பா, இன்னிக்கு நீங்க வாசிக்க வேணாம். கீழ வந்து எங்களோட உக்காருங்க. மம்மா பெட்டி வந்துடுச்சி."

"நான் கீழ உக்காந்தா பூசைக்கு யாரு வாசிப்பா?"

அவள் கையை விட்டாள். பாரீசிலிருந்து வந்து இறங்கியவள், இன்னும் முகம்கூடச் சரியாகக் கழுவவில்லை.

ரேமோன் ஆர்கன் முன் உட்கார்ந்தார். ஊரில் மற்றவர்களின் சாவுப்பூசைக்கு வாசிப்பதையே மனைவி பெர்னதெத்துக்கும் வாசித்தார். விரல்கள் தடுமாறவில்லை. அதில் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். காலையில் சாவு நோட்டீஸ் அச்சடிக்கும்போது, ஊர்ப்பெயரைப் பாண்டிச்சேரி என்று போடுவதா, புதிதாக மாறியபடி புதுச்சேரி என்றா என்று அச்சகத்தில் கேட்டதற்குத்தான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருந்தார்.

அவருக்கு விசுவாசம் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சாவோ சண்டையோ எதுவும் காரணமில்லை. ஓர் ஈஸ்டர் நாளில், பாஸ்கா பூசையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, இதை யார் கேட்கிறார்கள் என்று நினைத்தார். கீழே இருந்தவர்களைத் தவிர வேறு யாரும் கேட்பதாகத் தோன்றவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, மீன் கழுவிக்கொண்டிருந்த பெர்னதெத்திடம் சொன்னார்.

"எனக்கு நம்பிக்க இல்லாமப் போயிடுச்சி."

அவள் செதில் சீவுவதை நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கெழம வாசிப்பீங்கல்ல?"

"வாசிப்பேன்."

"அப்பறம் என்ன?"

பிறகு அவர்கள் அதைப் பேசியதேயில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் கோவிலில் வாய்திறந்து பாடவில்லை; ஜெபத்துக்கு உதடு அசைக்கவும் இல்லை. விரலுக்கு வார்த்தை கிடையாது, அதனால் வாசிப்பது பொய்யாகாது என்று தனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தார். பெர்னதெத் அவருக்கும் சேர்த்து உரக்கப் பாடுவாள், சுருதி சற்று விலகி. அவர் ஒருநாளும் திருத்தியதில்லை.

கல்லறையில் ஆர்கன் இல்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் பாடகர் குழுப் பெண்கள் மாதா பாட்டைத் தொடங்கினார்கள். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் எடுத்துவிட்டார்கள். இரண்டாம் அடியில் ஒருத்திக்குக் குரல் உடைந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பங்குச் சாமியார் ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றை உருவிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

ரேமோன் சுருதியை நன்றாக இறக்கி முதலடியை எடுத்தார். பழக்கம் விட்ட குரல் கரகரத்தது. வார்த்தை ஒன்றும் மறந்திருக்கவில்லை. இரண்டாம் அடியில் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு சுற்றி நின்றவர்கள். கடைசிச் சரணம்வரை பாடினார். நம்பித்தான் பாடினாரா என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நிறுத்தத் தோன்றவில்லை.

ஏலிஸ் அருகில் வந்தாள். "பப்பா, நீங்க பாடிக் கேட்டு எத்தினி வருஷமாச்சி!"

"ஒங்க மம்மா சத்தத்துல ஒனக்குக் கேட்டிருக்காது."

மண்வெட்டியோடு காத்திருந்தவர், "ஐயா, கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க" என்றார்.

ரேமோன் மண்மேட்டிலிருந்து இறங்கினார். செருப்புக்குள் ஈரமண் புகுந்திருந்தது. உதறாமல் அப்படியே நின்றார்.