துணி அலமாரியில் இருந்த குரல்

கழுத்துக்கட்டியை எடுக்க ஆபரேஷன் தியேட்டருக்குப் போன பெண் வார்டுக்குத் திரும்பி வந்தாள்; அவள் குரல் மட்டும் துணி அலமாரிக்குப் போய்விட்டது. தியேட்டருக்கும் பெண்கள் வார்டுக்கும் வெளுத்த விரிப்புகள் ஒரே தள்ளுவண்டியில் வருவதால் குரலும் அதில் ஏறி வந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அதை முதலில் கேட்டது கறார் சிஸ்டர். பார்வையாளர் நேரம் முடிந்ததும் பெரிய டாக்டரின் மாமியாரையே கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். தலையணை உறை எடுக்கக் கதவைத் திறந்தபோது மேல்தட்டிலிருந்து ஒரு குரல் கொஞ்சம் தண்ணீர் கேட்டது. ஆபரேஷன் ஆனவர்களுக்கு இப்போது தண்ணீர் கிடையாது என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு உறையோடு வார்டுக்கு வந்தாள். அப்போதுதான் ஒன்பதாம் படுக்கைக்காரியின் உதடு அசைவதையும் சத்தம் வராததையும் பார்த்தாள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வெறும் வீக்கம், வற்றினால் குரல் தானாக வந்துவிடும் என்றார். கணவர் அதை நம்பவில்லை. குரல் நரம்பை அறுத்துப்போட்டுவிட்டுக் கதை விடுகிறார்கள் என்று வராந்தாவில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினார். அவருடைய அக்கா, அதாவது படுக்கையில் கிடந்தவளின் நாத்தனார், பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் எங்கே வலிக்கிறது என்று அவளைக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது இதே கணவர்தான். இருந்த குரலைப் பேச விடாத மனிதர் போன குரலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணுவது கறார் சிஸ்டருக்கு எரிச்சலாக இருந்தது.

அலமாரிக் குரலோ அடைமழை மாதிரி விடாமல் பேசியது. தன் இஷ்டத்துக்குப் பேசிப் பழகாததால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி இரண்டு விஷயங்களுக்கே வந்தது. ஆபரேஷன் மேஜையில் கிடந்தபோது டாக்டர் "அடடா" என்றதும், அதன் பிறகு கொஞ்ச நேரம் கத்தரிக்கோல் சத்தம்கூட இல்லாமல் போனதும் ஒன்று. மற்றது வீட்டு விஷயம். கணவருக்குக் கோபம் வந்தால் கை ஓங்க மாட்டார், அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும். கழுத்துக்கட்டியின் மேல் கட்டைவிரலை வைத்து, கண்ணில் நீர் முட்டும்வரை அழுத்திக்கொண்டே இருப்பார். நாத்தனார் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். இதைக் காய்கறி விலை சொல்வதுபோல் அது சொன்னது. அடடாவையும் கட்டைவிரலையும் ஒரே மூச்சில் சொன்னதால், ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கேட்க வழியில்லை.

டூட்டி மாறும்போது கட்டிலருகே நின்று, அடுத்து வருபவரிடம் நோயாளியின் நிலவரத்தைச் சொல்லிவிட்டுப் போவது நர்சுகளின் வழக்கம். அதற்கு முன் மரியாதையாகச் சுற்றிலும் திரையை இழுத்துவிடுவார்கள். துணி இழுத்துவிட்டால் சத்தமும் வெளியே போகாது என்று எல்லா நர்சுகளும் நம்பத்தான் செய்கிறார்கள். அன்று ஒன்பதாம் படுக்கையின் திரைக்குள் மூன்று பேர் நின்றார்கள். கட்டைவிரல் விஷயத்தைப் போலீசில் சொல்லாமல் இவளை வீட்டுக்கு அனுப்பினால் அந்த விரலுக்கடியில் நாமே கொண்டுபோய் வைத்த மாதிரி ஆகும் என்றாள் நெட்டை சிஸ்டர். மேஜையருகே நின்று கருவிகளை எடுத்துக்கொடுத்த தியேட்டர் சிஸ்டர், அந்த அடடாவைத் தன் காதாலும் கேட்டதாகச் சொன்னாள். டாக்டர் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் தன் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது என்றாள். கறார் சிஸ்டர் ஒற்றைக்காலில் நின்றாள். அலமாரியிலிருந்து வந்தாலும் அது நோயாளி சொன்ன சொல்தான், அவள் சம்மதமில்லாமல் டாக்டர் காதுக்கும் போகக்கூடாது, புருஷன் காதுக்கும் போகக்கூடாது, போலீசுக்கும் போகக்கூடாது என்றாள். சம்மதத்தைக் கேட்க வேண்டியதுதானே என்றாள் நெட்டை.

"எப்படிக் கேக்குறது? அவங்களாலதான் பேச முடியலையே" என்றாள் கறார் சிஸ்டர்.

கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். குரல் போனவளுக்குக் காது எங்கும் போகவில்லை, தலை ஆட்டவும் தெரியும் என்பது மூவரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம், கையில் பிளாஸ்க்கோடு நாத்தனார் நின்றிருந்தார்.

நாத்தனார் போய்ச் சொன்ன அடடாவைப் பிடித்துக்கொண்டு, அன்று மாலையே கணவர் அலமாரியைத் திறக்கச் சொல்லி வந்து நின்றார். கறார் சிஸ்டர் சாவியைத் தர மறுத்தாள். ஆனால் திரை தாண்டிப் போன கட்டைவிரல் பேச்சு டாக்டர் காதுக்கும் எட்டியிருந்தது. தப்பிக்க ஒரு வழி கிடைத்த தெம்பில் அவரே ஆள் வைத்துப் பூட்டைத் திறந்தார். ஆளுக்குப் பாதியைக் கேட்க வந்தவர்கள் முழுவதையும் கேட்டார்கள். குரல் யாரையும் திட்டவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னது. நரம்பு போனது கத்தியாலா கட்டைவிரலாலா என்று வராந்தாவில் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. தன் குடுமி எதிராளி கையில் இருப்பது இருவருக்கும் புரிந்ததும் சத்தம் தணிந்தது. காதும் காதும் வைத்தாற்போல் பேசி முடித்தார்கள். கத்தியும் இல்லை, கட்டைவிரலும் இல்லை, வெறும் வீக்கம். அலமாரியில் இருப்பது அவள் குரலே இல்லை என்று நாத்தனார் அடித்துச் சொன்னார். மறுநாள் டிஸ்சார்ஜ்.

கறார் சிஸ்டருக்கு அவமானமாக இருந்தது. வாயைக் கட்டு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தானே கட்டிலருகே நின்று கடை விரித்திருக்கிறாள். மறுநாள் காலை கட்டு மாற்றும் சாக்கில் ஒன்பதாம் படுக்கைக்காரியை எழுப்பி, ஒரு வார்த்தை பேசாமல் அலமாரி அறைக்கு அழைத்துப்போனாள். கதவைத் திறந்துவிட்டு, "நேத்தே உங்களக் கேட்டிருக்கணும். போலீஸ்ல சொல்லட்டுமா? குரலக் கூட்டிட்டுப் போறீங்களா? வீட்டுக்குப் போக வேண்டாம்னா இன்னைக்கே வேற இடம் பாக்கறேன்" என்றாள். படுக்கைக்காரியின் கை வராந்தாப் பக்கம் நீண்டது. அங்கே பள்ளிச் சீருடையில் அவள் மகள் அம்மாவின் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கணவர். இவள் போகாவிட்டால் அந்த வீட்டில் கட்டைவிரலுக்கு மிஞ்சுவது எந்தக் கழுத்து என்று கறார் சிஸ்டருக்குப் புரிந்தது. மகளையும் சேர்த்தே அழைத்துப்போகலாம் என்றும் சொல்லிப் பார்த்தாள். அந்த யோசனை ஒரு நாள் பிந்திவிட்டது. அவள் யாரையும் நம்பும் நிலையில் இல்லை. குரலை அந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று தலையாட்டினாள். அலமாரிக் கதவைத் தானே சாத்திப் பூட்டிச் சாவியைச் சிஸ்டர் கையில் வைத்து மூடினாள்.

வருடங்கள் போயின. மறுபரிசோதனைக்கு வரும் நாட்களில் அவள் அலமாரி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தன் குரல் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போவாள். மகள் வராந்தாவில் காத்திருப்பாள். டாக்டர் பெரிய பதவிக்குப் போனார். தியேட்டர் சிஸ்டர் வேலையை விட்டாள், அடடாவைப் பற்றிக் கடைசிவரை மூச்சு விடவில்லை. மகள் படித்து, வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, அம்மா வருவது நின்றது. அவளைக் கேட்காமல் ஆள் அனுப்பி விசாரிப்பதா என்று கறார் சிஸ்டர் யோசித்துக்கொண்டே இருந்தாள். அலமாரிக் குரலுக்கு மெல்ல வயதாகி, கொஞ்சம் கரகரத்தது.

ஒரு நாள் மதியம் மகள் மட்டும் வந்தாள். அம்மா வீட்டில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டதாக அப்பா சொல்கிறார், கழுத்தில் ஒரு தடம் இருந்தது, போலீசுக்குப் போவதற்கு முன் இங்கே வந்தேன் என்றாள். அம்மாவின் குரல் இங்கே இருப்பது உண்மையா என்று கேட்டாள். கறார் சிஸ்டர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு அலமாரி அறைக்குப் போய், தாய் இறந்த செய்தியைத் தாயின் குரலிடமே சொன்னாள்.

"உங்க பொண்ணு வந்திருக்காம்மா. நீங்க சரின்னா மட்டும் உள்ள விடறேன்."

"அவள மட்டும் விடுங்க சிஸ்டர்" என்றது குரல். "அவளுக்கு எல்லாத்தையும் சொல்லணும்."

மகள் உள்ளே போனதும் கறார் சிஸ்டர் கதவைச் சாத்தினாள். கதவும் துணி மாதிரிதான் என்று இப்போது தெரியுமாதலால், பேச்சு காதில் விழாத வராந்தாவின் மறுகோடிக்குப் போய் நின்றாள். விரிப்பு எடுக்க வந்த நெட்டை சிஸ்டரையும் அங்கேயே நிறுத்திவைத்தாள். வெகுநேரம் கழித்து முகம் வீங்கி வெளியே வந்த மகள், போலீசையும் கூட்டிக்கொண்டு நாளைக்கு வரலாமா என்று கேட்டாள்.

"உங்கம்மா சம்மதிச்சாங்களா?"

"அவங்கதான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அப்போ வரலாம். நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும். அதுக்கு மேல போலீஸா இருந்தாலும் விட மாட்டேன்" என்றாள் கறார் சிஸ்டர். பிறகு விரிப்பு எடுக்க நெட்டையை உள்ளே அனுப்பினாள்.