அமோக்ஜார் ஏற்றத்தில் என் கல்லறை

நான் செத்துப்போன விஷயம் எனக்கு எங்கள் ஊர் அதாரின் சந்தையில்தான் தெரிந்தது. சூப்புக்கு ஆட்டெலும்பு வாங்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி நெவீஸா சிறுநீரகம் பழுதாகி, இரண்டு குளிர்காலம் நுவாதிபூ ஆஸ்பத்திரிக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குமாக அலைந்து, பிழைத்து வந்திருந்தாள். நாங்கள் ஊர் திரும்பி நாலு நாள்கூட ஆகவில்லை. வந்த அன்று என் தங்கை வீட்டுக்குப் போனேன், பூட்டிக்கிடந்தது; நாங்கள் திரும்பியது அவளுக்கு இன்னும் தெரியாது.

"யெஸ்லெம்! முட்டி எலும்பு வேணுமா, விலா எலும்பு வேணுமா?" என்று கசாப்புக்காரர் கத்தினார்.

பக்கத்தில் பேரீச்சம்பழம் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் திரும்பினார். லூக் என்று பேர், பெல்ஜியத்தில் பள்ளிக்கூட வாத்தியார் என்று பிறகு சொன்னார். எனக்குப் பிரெஞ்சு வரும்.

"நீங்க யெஸ்லெமா? வழிகாட்டி யெஸ்லெமுக்குச் சொந்தமா?"

"சொந்தம் என்ன சொந்தம்? நான்தான் அந்த வழிகாட்டி."

அவர் சிரிக்கவில்லை. தோள்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். எனக்குத் தெரிந்த புத்தகம்தான். மொரித்தேனியாவை முதன்முதலாகப் பார்க்க வருகிறவர்களுக்காக எழுதியது. எழுதின அம்மாளைப் பத்தொன்பது நாள் ஒட்டகத்தில் கூட்டிக்கொண்டு போனவன் நான். 'அதாரில் இறங்கியதும் யெஸ்லெமைக் கேளுங்கள், மணலை முகர்ந்தே வழி சொல்வார்' என்று அதில் எழுதியிருந்தார். என் ஜென்மத்தில் மணலை முகர்ந்து பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒரு வரியால் பதினோரு வருஷம் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

லூக் காட்டியது புதுப் பதிப்பு. அவரே வாசித்தார்.

"யெஸ்லெம் காலமாகிவிட்டார். அவர் தொழிலை மைத்துனர் தெத்தா நடத்துகிறார். ஷிங்கெத்தி போகும் வழியில், அமோக்ஜார் ஏற்றம் முடிந்ததும் இடப்பக்கம் யெஸ்லெமின் கல்லறை இருக்கிறது. அதில் ஒரு கல் வைத்துவிட்டுப் போவது பயணிகளின் வழக்கம்."

"அந்த வழக்கம் எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன்.

"நான் நாளைக்குப் போறேன். புத்தகத்துல இருக்கிறதுதான் எனக்குத் தெரியும்" என்றார், தானே ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல.

தெத்தா என் தங்கை மினைனாவின் புருஷன். டயர் ஒட்டுகிற கடையில் கிடந்தவனை வேலைக்கு எடுத்து, கிணறு கிணறாகக் காட்டிக்கொடுத்து, பிரெஞ்சில் நாலு வார்த்தை பேச வைத்தவன் நான். அவனுக்குத் தங்கையைக் கொடுக்கும்போது என் அம்மா தயங்கினாள். நான்தான் பிடிவாதமாக நின்றேன். நெவீஸாவோடு ரயிலேறிய அன்று, "நீ வர்றவரைக்கும் நான் பார்த்துக்கிறேன் மச்சான், நீ மனுஷியைப் பாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மினைனா வழிக்கு அவித்த முட்டை கட்டிக் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் எத்தனை முறை போனில் பேசியிருப்பாள்! "ஆளே வர்றதில்லண்ணே, சீசன் செத்துப்போச்சு" என்பாள். செத்தது சீசன் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

லூக்கிடம், "நாளைக்கு உங்க வண்டி தெத்தாவோடதுதானா?" என்றேன்.

"ஆமா. இன்னும் மூணு பேர் வர்றாங்க. அவர் மனைவிதான் சமையல்."

"நான் சொன்னதை அவங்ககிட்ட சொல்லாதீங்க. மிச்சத்தை அங்கே பேசிக்குவோம்."

மறுநாள் விடிந்ததும் ஷிங்கெத்திக்குச் சிமெண்டு ஏற்றிப்போன பிக்கப்பில் தொற்றிக்கொண்டு போய், ஏற்றம் முடிகிற இடத்தில் இறங்கினேன். கல்லறையைத் தேட வேண்டியிருக்கவில்லை. யாரோ பெயர் தெரியாத மேய்ப்பனின் பழைய கற்குவியல் அது. நானே எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது இடுப்புயரத்துக்கு வளர்ந்திருந்தது. கற்களில் மையால் பெயர்கள், தேதிகள். ஒரு கல்லில் சின்னக் குழந்தை வரைந்த ஒட்டகம். எனக்காக இத்தனை பேர் குனிந்து கல் பொறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது நெஞ்சு ஒரு கணம் இளகியது. அதற்காகவே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

உச்சிவெயிலில் தெத்தாவின் வண்டி வந்தது. தலைப்பாகையை அவிழ்த்து, முகம் முழுசாகத் தெரிய நின்றேன்.

முதலில் இறங்கியவன் அவன்தான். அப்படியே நின்றுவிட்டான். அடுத்த நொடி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நிஜமாகவே அழுதான்.

"இன்னிக்கு மட்டும் மானத்தைக் காப்பாத்து மச்சான். உன் கால்ல விழறேன்" என்று எங்கள் பாஷையில் காதுக்குள் சொன்னான்.

"என்னை எதுக்குடா கொன்ன?"

"நீ இல்லைன்னதும் எல்லாரும் ரத்து பண்ணிட்டாங்க. ஆஸ்பத்திரியில இருக்கான், வருவான்னு சொன்னா, வந்தப்புறம் வர்றோம்கிறாங்க. செத்துட்டான்னேன். மறுநாளே எட்டுப் பேர் வந்தாங்க. நான் என்ன பண்ண?"

"கேட்டிருக்கலாமே."

"உன்னைக் கொல்லட்டுமான்னா கேப்பாங்க?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன். அவனை விலக்கிவிட்டு, இறங்கி நின்ற நாலு பேரிடமும் பிரெஞ்சில் சொன்னேன்: "நான்தான் யெஸ்லெம். இந்தக் கல்லுக்கு அடியில் நான் இல்லை."

லூக் தலையாட்டினார். மற்ற மூவரும் தெத்தாவைப் பார்த்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசினான்.

"இவர் யெஸ்லெமோட தம்பி. அண்ணன் போனதிலிருந்து இப்படித்தான். மனசு பேதலிச்சுப்போச்சு. தினமும் இங்கே வந்து உக்காந்துக்குவார். கோவிச்சுக்காதீங்க."

தலை நரைத்த பெண்மணி ஒருத்தி என் அருகில் வந்து, தன் தண்ணீர்ப் புட்டியை என் கையில் வைத்து அழுத்தினாள். பைத்தியக்காரனுக்குக் கொடுக்கிற தண்ணீர். நான் வாங்கிக்கொண்டேன்.

மினைனா வண்டிக்குப் பின்னால் அடுப்புச் சாமான்களோடு நின்றுகொண்டிருந்தாள். இதுவரை ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

"அவளைக் கேளுங்க. கூடப் பிறந்தவ. பொய் சொல்ல மாட்டா" என்றேன்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். உடம்பைச் சுற்றியிருந்த மலஹ்பாத் துணியின் முந்தியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். நான் அவள் கண்ணையே பார்த்தேன். சின்ன வயதில் அவளைக் கருந்தேள் கொட்டியபோது, முதுகில் சுமந்து இரண்டு நாள் நடந்து வைத்தியரிடம் போனேன். அதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"ஆமா. இவரு எங்க சின்ன அண்ணன். பெரியவரு போய்ட்டாரு" என்றாள்.

தெத்தா அதைப் பிரெஞ்சில் சொன்னான்.

என் அடையாள அட்டை சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கை அங்கே போகவில்லை. கூடப் பிறந்தவள் இல்லை என்று சொல்லிவிட்டபிறகு, அட்டையைக் காட்டி நான் யாரிடம் என்னத்தை நிரூபிப்பது?

லூக் மட்டும் வண்டியில் ஏற மறுத்துவிட்டார். என்னோடு தங்கி, ஒரு லாரி கிடைக்கும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தார். "அட்டையை ஏன் காட்டல?" என்று கேட்டார். அந்தப் பெண்மணியின் தண்ணீரை அவரிடம் கொடுத்தேன்.

வீட்டில் நெவீஸா முழுவதையும் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "தெத்தா செஞ்சது திருட்டு. திருடனை நாலு அறை விட்டா கணக்கு சரியாயிடும். அவ செஞ்சதுக்கு நீ என்ன செய்வே?"

தெத்தாவை நான் அறையவும் இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், அவன் ஒரு ஆட்டை அறுத்து மன்னிப்புக் கேட்டான், நான் சபைக்காக மன்னித்தேன். கற்குவியலைக் கலைக்கச் சொன்னார்கள், கலைத்தான். லூக் புத்தகம் எழுதின அம்மாளுக்குக் கடிதம் போட்டார். வருந்துவதாகவும் அடுத்த பதிப்பில் திருத்துவதாகவும் பதில் வந்தது. அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை நான் ஷூம் ரயிலடிக்கு ஆள் ஏற்றிப்போகும் பிக்கப் ஓட்டுகிறேன்.

பேரீச்சம்பழ அறுவடை சமயத்தில், ஒரு நாள் மினைனா தனியாக வந்தாள். தலையில் ஒரு கூடை புதுப் பழம். வாசலில் நின்று, "அண்ணே" என்றாள்.

உள்ளே கூப்பிட்டேன். பாய் விரித்தேன். நெவீஸா பழத்தை உள்ளே கொட்டிவைத்துவிட்டு மோர் கலக்கிக்கொண்டு வந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து விசாரித்தேன்: சுகமா, வீட்டில் சுகமா, பிள்ளைகள் சுகமா, ஆடுகள் சுகமா, மழை உண்டா, வழியில் கஷ்டமில்லையே, எல்லாம் நலம்தானே, இறைவனுக்கே புகழ். வழிப்போக்கர் யார் வந்தாலும் கேட்கிற கேள்விகள், அதே வரிசையில், ஒன்றுகூட விடாமல் கேட்டேன். அவளும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கேள்விகள் தீர்ந்தபின் நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

மோர்க் கிண்ணத்தைக் காலி செய்து கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து, வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்துபோனாள்.